முகாமா, ஜூமா, மொட்டை மாடி வட்டமா? எழுத்துப் பட்டறைக்குப் பணம் கட்டும் முன்

போன மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதும் பெண். போனஸில் எட்டாயிரம் ரூபாயை வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஒதுக்கி வைத்திருக்கிறார். இன்னொருவர் தூத்துக்குடிப் பக்கம் பள்ளி ஆசிரியர், காலாண்டு விடுமுறைக்குத் திட்டம் போடுகிறார். மூன்றாமவர் குவைத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மூவரும் சிறுகதை எழுதுகிறார்கள். குறையும் ஒன்றுதான்: “எழுதி முடிச்சுப் படிச்சா, வேற யாரோ எழுதின மாதிரியே இருக்கு.”

எழுத்துப் பயிற்சி முகாமுக்குப் போவதா, இணைய வகுப்பில் சேர்வதா, உள்ளூரில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்வதா, மூத்த எழுத்தாளர் ஒருவரைப் பிடித்துக் காட்டுவதா? நான் இந்த நான்கையும் செய்து பார்த்தவன். ஒரு சிறுபத்திரிகைக்கு வரும் கதைகளை வாசித்துத் தேர்வு செய்யும் வேலையையும் சில ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அதனால் பட்டறைக்குள் என்ன நடக்கிறது என்பதும் தெரியும், அங்கிருந்து வெளியே வருகிற கதைகள் எப்படி இருக்கின்றன என்பதும் தெரியும்.

‘தனக்கான குரல்’ என்பதைப் பெரிய தத்துவமாக்க வேண்டாம். பெயரை மறைத்துவிட்டு ஒரு பக்கத்தைக் கொடுத்தால், “இது அவர் எழுதினதுதானே?” என்று தெரிந்தவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கட்டுரைக்கு அவ்வளவு போதும்.

## எதை வைத்து அளப்பது

பலரும் முதலில் பார்ப்பது யார் நடத்துகிறார், எவ்வளவு கட்டணம் என்ற இரண்டைத்தான். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் நான் வேறு ஐந்தைப் பார்க்கச் சொல்வேன்.

ஒன்று, உங்கள் கதைக்குக் கிடைக்கும் நிமிடங்கள். மொத்த நேரத்தில் சொற்பொழிவைக் கழித்து, மீதியை ஆட்களால் வகுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் இந்தக் கணக்கு இருக்காது.

இரண்டு, நீங்கள் படிக்க வேண்டிய பிறர் பக்கங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். காரணம் நன்னூலில் இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கால் பங்குதான் சேரும், உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால், மிச்ச அரைப் பங்கு தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்கிறார் பவணந்தியார். அவர் சொன்னது நூல் கற்பதைப் பற்றி. ஆனால் கதைக்கும் அப்படியே பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் கதையில் எந்த இடத்தில் எனக்குச் சலிப்புத் தட்டியது, ஏன் தட்டியது என்று அவர் முகத்தைப் பார்த்து விளக்க வேண்டி வரும்போதுதான் எனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதே எனக்குத் தெரிய வந்தது.

மூன்று, உங்கள் ஊர்ப் பேச்சுக்கு அங்கே என்ன மரியாதை. தமிழில் எழுதுகிறவனுக்குள்ள தனித் தலைவலி இது. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். குரல் இரண்டுக்கும் இடையில் எங்கோ கிடக்கிறது. கரிசல்காட்டுப் பேச்சில் கதை எழுதியதோடு நிற்காமல், அந்தச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியும் போட்டார் கி. ராஜநாராயணன். அதற்கு அப்புறமும் ‘பேச்சு வழக்கைக் குறைக்கலாம்’ என்று ஓரத்தில் குறிப்பு எழுதுகிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்.

நான்கு, நடத்துகிறவரின் நிழல். இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஐந்து, முடிந்த பிறகு என்ன. மூன்றாம் நாள் மாலை சான்றிதழ், குரூப் போட்டோ, வாட்ஸ்அப் குழு. நாலாம் நாள் காலை?

## தங்கிப் படிக்கும் முகாம்

இரண்டு அல்லது மூன்று நாள். ஏதாவது மலையடிவாரத்தில் ஒரு விடுதி, இல்லையென்றால் ஊருக்கு வெளியே ஒரு மண்டபம். காலையில் சிறுகதை வடிவம் பற்றி ஓர் உரை, மதியம் பாத்திரப் படைப்பு, மாலையில் பயிற்சி எழுத்து, இரவு கேள்வி பதில்.

முதலில் நிமிடக் கணக்கு. நான் போன முகாமில் முப்பது பேர். மூன்று நாளில் ஆறு ஆறு மணி நேரமாக 18 மணி நேரம். அதில் 12 மணி நேரம் உரை. மிச்சம் ஆறு மணி நேரத்தை முப்பதால் வகுத்தால் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். அதிலும் மைக் கை மாறும் நேரம் போக, என் கதையைப் பற்றி மொத்தம் ஏழெட்டு வாக்கியங்கள் பேசப்பட்டன. பிறர் பக்கங்களை முன்கூட்டியே யாருக்கும் அனுப்பவில்லை. கதைகளைச் சத்தமாக வாசித்தார்கள், நாங்கள் கேட்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வாசித்தவர்கள் பாவம்.

அப்படியானால் முகாம் வீண் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. முகாமில் நல்லது நடக்கிற இடம் நிகழ்ச்சி நிரலில் இருக்காது.

எங்களோடு அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். பதினோரு வருடமாக ஜேசிபி ஓட்டுகிறவர். அவர் வாசித்த கதை “பொன் அந்தி சாயும் வேளையில், பச்சைப் பட்டு உடுத்திய வயல்வெளிகளின் நடுவே” என்று ஆரம்பித்தது. பாத்திரங்கள் எல்லாம் கவிதையில் பேசின. கதையில் ஒரு வண்டிகூட இல்லை. பயிற்சியாளர் மரியாதையாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்று ராத்திரி மண்டபத்துப் படிக்கட்டில் நாங்கள் ஐந்தாறு பேர் சுக்குக் காபியோடு உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய், அவர் ஒரு குளம் வெட்டப் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

“பக்கெட்டு உள்ள எறங்குச்சு சார். டொக்குன்னு ஒரு சத்தம். கல்லுன்னா அப்படிக் கேக்காது. கல்லு கரகரன்னு பல்லக் கடிக்கும். இது பானைச் சத்தம். எங்கம்மா சோத்துப் பானையக் கீழ வெக்கிற சத்தம். எறங்கிப் பாத்தா தாழி. உள்ள எலும்பு. மேஸ்திரி ‘மூடுறா’ன்னாரு. மூடிட்டேன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.”

யாரும் பேசவில்லை. அப்புறம் மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு நர்ஸ் அக்கா கேட்டார்: “தம்பி, இதை ஏன் எழுதல?” அவர் சொன்ன பதில்: “இதெல்லாம் கதையா, மேடம்?”

காலையில் பயிற்சியாளருக்கு இது எதுவும் தெரியாது. அவர் மேல் தப்பில்லை. முகாம் கொடுக்கும் உண்மையான பொருள் இந்தப் படிக்கட்டுதான். வீட்டையும் வேலையையும் விட்டு, தன்னைத் தெரியாத மனிதர்களோடு இரண்டு ராத்திரி. நம் கதையைக் கேட்டு அவர்கள் முகம் எந்த இடத்தில் மாறுகிறது என்று அங்கேதான் பார்க்க முடிகிறது.

சரி, செலவு. எனக்கு ஆன கணக்கை அப்படியே தருகிறேன். கட்டணம் 3,500. ரயிலும் பஸ்ஸும் போக வர 900. இரண்டு நாள் சம்பளப் பிடித்தம் 2,400. மண்டபத்தின் பின்னால் புத்தகக் கடை போட்டிருந்தார்கள், அங்கே 1,100. ஆக 7,900. சிவகாசிக்காரரின் எட்டாயிரம் அத்தோடு சரி. இதில் வராத ஒன்றும் உண்டு. முகாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, பங்கேற்றவர்களின் கதைகளைத் தொகுப்பாகப் போடுகிறோம், ஆளுக்கு இருபது பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு செய்தி வந்தது. வாங்கினேன். பதினாறு பிரதி இன்னும் பரணில் இருக்கிறது. சேர்வதற்கு முன்பே ‘பின்னால் வேறு ஏதாவது கட்ட வேண்டி வருமா?’ என்று கேட்டுவிடுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு ராத்திரி வெளியில் தங்க வீட்டில் பேச வேண்டும், பிள்ளைகளை யாரிடமாவது விட வேண்டும். தங்குமிடத்தில் குளியலறை எப்படி, தனி அறையா, கூடமா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒழுங்காக நடத்துகிறவர்கள் உடனே பதில் சொல்வார்கள்.

யாருக்கு முகாம்: ஒன்றிரண்டு கதை எழுதிவிட்டு, எழுதுகிற இன்னொரு மனிதரை நேரில் பார்த்தே இராதவர்களுக்கு. வீட்டில் எழுத்து என்றால் வேலையற்ற வேலை என்ற பேச்சைக் கேட்டுக் களைத்தவர்களுக்கு. கையில் முடிந்த கதைகள் எட்டுப் பத்து இருந்து, அவற்றைத் திருத்த வழி தேடுகிறவர்களுக்கு முகாமில் நேரம் கிடைக்காது.

## இணைய வகுப்பு

எட்டு வாரம், வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஜூமில். பன்னிரண்டு பேர். மொத்தம் 16 மணி நேரத்தில் பாதி பாடம், பாதி கதைகளைப் பற்றிய பேச்சு. எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஆளுக்கு நாற்பது நிமிடம், முகாமைப் போல மூன்று மடங்குக்கு மேல். கதைகளை முந்தின வாரமே கூகுள் டாக்ஸில் போட்டுவிட வேண்டும் என்பது விதி. ஆளுக்கு இரண்டு கதை, கதைக்கு எட்டுப் பக்கம் என்றால் மற்ற பதினோரு பேருடையது 176 பக்கம். வாரத்துக்கு 22 பக்கம் நான் படித்துக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அலுவலகம் முடிந்து வந்து இது பாரம்தான். ஆனால் அந்தப் பாரம் இல்லாத வகுப்பாக இருந்தால், அதை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் சேர்ந்த வகுப்பில் இரண்டாம் வாரம் ஒரு பயிற்சி. வீட்டில் நடந்த ஒன்றை நாலு நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்ய வேண்டும். அதைக் கேட்காமல், அதே சம்பவத்தைத் தனியாக எழுத வேண்டும். அப்புறம் பதிவை வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு செய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். நான் எழுதியது: “அப்பா வேலை முடிந்து களைப்புடன் வீடு திரும்பினார்.” நான் பேசியது: “அப்பா வர்றாருன்னு செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சிரும். எடது காலு மட்டும் தேய்க்கும்.” எழுதும்போது அந்தச் செருப்பு எங்கே போனது? அதற்குள் ‘களைப்புடன்’ எங்கிருந்து வந்தது? அந்த ஒரு பயிற்சிக்காகவே கட்டிய ஐயாயிரம் தகும் என்று நினைக்கிறேன். நீங்கள் காசு கட்டாமலே வீட்டில் செய்து பார்க்கலாம்.

இப்போது இணைய வகுப்பின் உள்ளே இருக்கும் செலவு. எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கை இருந்தாள். முதல் கதையில் ‘குசினி’, ‘பின்னேரம்’, ‘வளவு’, ‘கதைச்சுக்கொண்டிருந்தவை’ எல்லாம் இயல்பாக வந்தன. சென்னையிலிருந்து ஒருவர், நல்ல மனதோடுதான், “வளவுன்னா என்னங்க?” என்று கேட்டார். இன்னொருவர் “‘கதைச்சவை’ன்னா அது மனுஷங்களா, பொருளா?” என்று கேட்டார். வளவு என்றால் வீட்டைச் சுற்றியுள்ள நிலம், ‘கதைச்சவை’ என்றால் ‘பேசினார்கள்’ என்று அவள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். நாலாம் வாரம் ‘குசினி’ சமையலறை ஆனது. ஆறாம் வாரம் ‘பின்னேரம்’ மாலை ஆனது. எட்டாம் வாரம் அவள் அனுப்பிய கதை மிகச் சுத்தமாக இருந்தது. கோயம்புத்தூரில் நடந்ததாகவும் வைத்துக்கொள்ளலாம், கடலூரிலும் வைத்துக்கொள்ளலாம். மாற்று என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் விளக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பல ஊர்க்காரர்கள் ஒரே திரையில் கூடும்போது, எல்லோருக்கும் புரிகிற பொதுத்தமிழுக்கு எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடுகிறார்கள். கொங்குக்காரர், நாஞ்சில்காரர், சென்னைக்காரர் யாரும் விலக்கில்லை.

இதற்கு நல்ல பயிற்சியாளர் முதல் வாரமே ஒரு விதி போட்டுவிடலாம்: சொல்லுக்குப் பொருள் கேட்கக் கூடாது, வாக்கியத்தை வைத்து ஊகிக்க வேண்டும், ஊகிக்கவே முடியாவிட்டால் மட்டும் ‘இந்த இடத்தில் நான் தொலைந்துபோனேன்’ என்று சொல்லலாம். சேரும் முன் நடத்துகிறவரிடம் வட்டார வழக்கைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். ‘உரையாடலில் வரலாம், விவரணையில் வேண்டாம்’ என்று அவர் சட்டம் போல ஒப்பித்தால் யோசிக்க வேண்டும்.

மற்ற செலவுகள் சில்லறைதான். ‘வகுப்பைத் தவறவிட்டால் ரெக்கார்டிங் இருக்கிறது’ என்பார்கள். நான் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

யாருக்கு இணையம்: தமிழ் பேசும் ஊரிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு. ராத்திரி தங்க முடியாதவர்களுக்கு. தேதி குறித்துக் கேட்டால்தான் எழுதுகிற என் போன்ற சோம்பேறிகளுக்கு.

## நிழலைப் பற்றி ஓர் இடைச்செருகல்

பட்டறை என்றால் கொல்லன் பட்டறைதான் முதலில் நினைவுக்கு வரும். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு தொடங்கியபோது நாடகக்காரர்கள் அந்தச் சொல்லைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இன்று எழுத்துக்கும் அதுவே பெயர். கொல்லன் பட்டறையில் இரும்பு மட்டும் உருமாறுவதில்லை. அடிக்கிறவர் கைவாகும் அதில் பதிகிறது.

எங்கள் பத்திரிகைக்குச் சில மாதங்களில் கொத்தாகக் கதைகள் வரும். எல்லாவற்றிலும் முதல் பத்தி ஒரு வாசனையில் தொடங்கும். நடுவில் ஒரு பழைய நினைவு. கடைசி வரியில் யாராவது ஜன்னல் வழியே பார்ப்பார்கள், அல்லது விளக்கை அணைப்பார்கள். எழுதியவர்கள் வெவ்வேறு ஊர், வெவ்வேறு வயது. விசாரித்தால் எல்லோரும் ஒரே வகுப்பு. நடத்தியவர் நல்ல எழுத்தாளர். அவர் கதையில் அந்த ஜன்னல் அவசியமாக வந்தது, மாணவர்கள் கதையில் பழக்கமாக வந்துவிட்டது.

நான்கு வழிகளில் எதில் சேருவதென்றாலும் இந்தச் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள். அந்த ஆசிரியரிடம் பயின்ற இரண்டு மூன்று பேரின் கதைகளைத் தேடி எடுங்கள். பெயரை மறைத்து யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை என்றால், பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

## உள்ளூர் வட்டம்

ஆறு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு. எங்களுடையது ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி. மழை வந்தால் கீழே அவர் அம்மா டிவி பார்க்கும் அறை, சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள்வார். செலவு, டீயும் வடையும்.

தமிழில் இது புதிதல்ல. நாகர்கோவிலில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ இலக்கியக் கூட்டங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுபத்திரிகைகள் பலவற்றின் பின்னாலும் இப்படி ஒரு நண்பர் கூட்டம்தான் இருந்தது.

ஒரு கூட்டத்துக்கு இரண்டு கதை, கதைக்கு ஒரு மணி நேரம். ஆளுக்கு வருடத்தில் நாலு கதை, மற்றவர்களுடைய இருபது கதை. எந்தக் கட்டண வகுப்பும் கதைக்கு ஒரு மணி நேரம் தராது. நன்னூல் சொன்ன அந்த அரைப் பங்கு கிடைப்பதும் இங்கேதான். ஏனென்றால் ஆசிரியர் என்று யாரும் இல்லை, எல்லோருமே விளக்கியாக வேண்டும்.

ஆனால் பெரும்பாலான வட்டங்கள் ஆறு மாதத்தில் படுத்துவிடுகின்றன. எங்களுடையதும் ஐந்தாம் மாதத்தில் படுத்தது. காரணம் சண்டை இல்லை, பாராட்டு. “நல்லா இருக்கு தோழர்”, “அருமை அண்ணே”, “முடிவு மட்டும் கொஞ்சம் பாத்துக்கலாம்.” அப்புறம் அரசியல், சினிமா, கலைந்துவிடுவோம். ஒருமுறை இதற்கு நேர்மாறாக ஒருவர் கதையைக் கிழித்துத் தொங்கவிட்டோம். அவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

மறுபடி தொடங்கியபோது ஒரு முறையை வைத்துக்கொண்டோம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936இல் தொடங்கியது. அங்கிருந்து பரவிய வழக்கம், கதையை முன்பே எல்லோரும் படித்து வர வேண்டும், பேச்சு நடக்கும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது. முன்பே படித்து வருவதை அப்படியே எடுத்துக்கொண்டோம். வாய் திறக்காமல் இருப்பது எங்களுக்கு ஒத்துவரவில்லை. எழுதியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல ஆகிவிட்டது. லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990வாக்கில் உருவாக்கிய வேறொரு முறை இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டோம். அதில் நாலு படி. முதலில், கதையில் எது மனதில் தங்கியது என்று மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். இரண்டாவது, எழுதியவர் தன் சந்தேகங்களைக் கேட்கலாம். மூன்றாவது, மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக் கூடாது. ‘ஏன் இவ்வளவு நீளம்?’ என்பது தீர்ப்பு. ‘பஸ் ஸ்டாண்ட் காட்சியை எதற்காக வைத்தீர்கள்?’ என்பது கேள்வி. நாலாவது, ‘முடிவைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?’ என்று அனுமதி கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். எழுதியவர் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்.

முதல் படியிலேயே எனக்கு ஒன்று நடந்தது. என் கதையில் நான் பெருமைப்பட்ட உவமையை மற்ற ஐந்து பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூன்று பேர் சொன்னது, கதையில் போகிற போக்கில் வந்த ஒரு வரி: ரேஷன் கடை வரிசையில் அம்மா பையை மட்டும் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வருவது. அதை நான் யோசித்தே எழுதவில்லை. அந்த மாதிரி வரிகள் எங்கிருந்து வருகின்றன என்று அதற்கப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஊர்ப் பேச்சு விஷயத்தில் வட்டத்தில் எதிர்ப்பக்கச் சிக்கல். எல்லோரும் ஒரே ஊர். எதையும் விளக்க வேண்டியதில்லை. அதனால் வெளியூர்க்காரருக்குப் புரியாமல் போகிற இடம் எது என்று ஒருவருக்கும் தெரியாது. எப்போதாவது ஒரு வெளியூர் நண்பருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும்.

யாருக்கு வட்டம்: நியாயமாகப் பார்த்தால் எல்லோருக்கும். நாலு பேர் கிடைக்காத ஊர் உண்டு என்பதும் தெரியும். மாவட்ட நூலகத்தின் வாசகர் வட்டம், புத்தகக் கண்காட்சியில் ஒரே கடையில் நின்று புரட்டிக்கொண்டிருப்பவர்கள் என்று அங்கே இங்கே தேட வேண்டியிருக்கும்.

## தனி வழிகாட்டி

உ.வே.சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். பிள்ளை செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஓலையில் எழுதுவார்கள். 1876இல் பிள்ளை மறையும் வரை அந்த உறவு நீடித்தது. ஆனால் இன்று நாம் ஐயரை விரும்பிப் படிப்பது குருவைப் போலத் தலபுராணம் பாடியதற்காக அல்ல. எண்பதைத் தாண்டிய வயதில் ஆனந்த விகடனில் தொடராக வந்த தன்வரலாற்றின் எளிய உரைநடையில் ஒலிப்பது அவருடைய சொந்தக் குரல். குருவின் பக்கத்தில் வருடக்கணக்கில் இருந்தும், தன் நடையை அவர் வேறு இடத்தில்தான் கண்டார்.

நம் காலத்து வழிகாட்டி, நாம் மதிக்கிற ஒரு மூத்த எழுத்தாளர். வாட்ஸ்அப்பில் கதையை அனுப்புகிறோம். நீல டிக் விழுகிறது. மூன்று வாரம் கழித்து “படித்தேன். பேசுவோம்” என்று வருகிறது. எனக்கு வாய்த்தவர் அருமையானவர், என் முதல் நாலு கதைகளை வரி வரியாகப் பார்த்தார். ஒரே ஒரு வாசகர், ஆனால் முழு வாசகர். இவ்வளவு ஆழமாக மற்ற மூன்றிலும் கிடைக்காது.

செலவு நன்றிக்கடன். அவருக்குப் பிடிக்காத பத்திரிகைக்குக் கதை அனுப்பக் கை தயங்கும். அவர் கதையைப் பற்றி நாம் நினைப்பதைச் சொல்ல முடியாது. அடுத்த கதையை எழுதும்போதே ‘அண்ணாச்சி இதை அடிப்பார்’ என்று நாமே அடித்துவிடுவோம். நிழல் மிக அடர்த்தியாக விழுவது இங்கேதான். பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிப் பார்த்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் எனக்கு அது மேல் என்று தோன்றுகிறது, கடன் தீர்ந்துவிடுகிறது. ஆனால் பிழைதிருத்தமா, கதையைப் பற்றிய விமர்சனமா, எது கிடைக்கும் என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு வழிகாட்டி: முடித்த கதைகள் ஐந்தாறாவது கையில் இருந்து, ‘இல்லை ஐயா, இந்த வரி இப்படித்தான் இருக்கணும்’ என்று ஒருமுறையாவது சொல்லத் துணிவு வந்தவர்களுக்கு.

## ஒரே பார்வையில்

| | முகாம் | இணைய வகுப்பு | உள்ளூர் வட்டம் | தனி வழிகாட்டி |
|---|---|---|---|---|
| உங்கள் கதைக்கான நேரம் | 12 நிமிடம் (30 பேரில்) | 40 நிமிடம் (12 பேரில்) | கதைக்கு ஒரு மணி | அவர் மனசு |
| பிறர் எழுத்தைப் படிப்பது | காதால் கேட்பதோடு சரி | வாரம் 22 பக்கம் | வருடத்தில் 20 கதை | இல்லை |
| ஊர்ப் பேச்சு | ராத்திரிப் பேச்சில் பிழைக்கும் | பொதுத்தமிழுக்கு நழுவும் | அப்படியே இருக்கும் | அவர் ரசனையைப் பொறுத்து |
| ஆசிரியர் நிழல் | மூன்று நாள்தான், கலையும் | நடுத்தரம் | குறைவு | மிக அதிகம் |
| எனக்கு ஆனது | ரூ. 7,900 + தொகுப்புப் பிரதிகள் | ரூ. 5,000 + எட்டு வார மாலைகள் | டீ, வடை | நன்றிக்கடன் |
| முடிந்த பிறகு | வாட்ஸ்அப் குழு | ஒன்றிரண்டு நண்பர்கள் | முடிவதில்லை, படுத்து எழும் | உறவு, அல்லது மனத்தாங்கல் |

## மூவருக்கும் சொன்னது

குவைத்துக்காரருக்கு இணையம் என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஷிப்ட் மாறுகிறவர் என்பதால், நேரலையில் வராவிட்டாலும் எழுத்துக் குறிப்பு கட்டாயம் என்று விதி வைத்திருக்கும் வகுப்பாகப் பார்க்கச் சொன்னேன். கூடவே அந்த நாலு நிமிடப் பதிவுப் பயிற்சி. லேபர் கேம்ப் அறையில் எட்டுப் பேர் இருக்கும்போது போனில் தனியாகப் பேசுவது எப்படி என்று கேட்டார். மாடிப்படியில், என்றேன்.

ஆசிரியருக்கு முகாம். அவர் எழுதத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, எழுதுகிற யாரையும் தெரியாது, விடுமுறை இருக்கிறது. ஆனால் போவதற்கு முன் நடத்துகிறவர்களுக்கு ஒரு போன் போடச் சொன்னேன்: எத்தனை பேர், உரை எத்தனை மணி நேரம், கதையை முன்பே அனுப்பலாமா, தொகுப்பு ஏதாவது போடுவீர்களா. ராத்திரி சீக்கிரம் தூங்கிவிட வேண்டாம் என்றும் சொன்னேன்.

சிவகாசிக்காரரிடம் பேசியது நீண்ட நேரம். அவர் கையில் பதினான்கு கதைகள் இருக்கின்றன, எல்லாம் பழைய டைரிகளின் பின்பக்கங்களில். அந்த எட்டாயிரத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம், ஆறு மாதம் ஒரு வட்டம் நடத்திப் பாருங்கள் என்றேன். “எங்க ஊர்ல யாரு சார் இருக்கா?” என்றார். அச்சகத்தில் கம்போசிங் பார்க்கும் ஒரு பெண் இவருடைய டைரியை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு, “அக்கா, அந்தக் காலண்டர் கதைல நாள் தப்பா இருக்கு” என்று சொன்னாளாம். அவளையே முதலில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.